சிம்பல் கேட்கவில்லை என்ற செல்வம்

நண்பர்கள் நால்வரும் சேர்ந்து பதிவு செய்த ராக் பாடலை, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் அறையில் நான்தான் மிக்ஸ் செய்தேன். போட்டிக்கு அனுப்ப மூன்றே நாட்கள் இருந்தன. ஒவ்வொரு முறை மாற்றியதும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்பேன். டிரம்ஸ் வாசித்த செல்வம் மட்டும், "சிம்பல் கேக்கவே இல்லடா, ஏத்து" என்பான். அந்தப் பித்தளைத் தட்டின் ஒலியை நான்கு முறை ஏற்றினேன். மற்ற இருவரும் காது வலிக்கிறது என்றார்கள். பதற்றத்தில், "உனக்கென்ன காது செவிடா?" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டேன்.

மறுநாள் செல்வம் ஷிப்ட் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். சண்டைதான் என்று பயந்தபடியே அவனுக்கு ஹெட்போனை மாட்டி, சிம்பலை மட்டும் தனியாக ஓடவிட்டேன். கணினித் திரையில் ஒலி அலைகள் துள்ளின. அவன் பொறுமையாக என் முகத்தைப் பார்த்து, "இன்னும் போடலியா?" என்றான்.

"ஓடிக்கினுதாண்டா இருக்கு" என்றேன். அவன் வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

போட்டியை விட்டுவிட்டுக் கடலூரில் காது மருத்துவரிடம் போனோம். பல வருட டிரம்ஸ் சத்தத்தில் கீச்சென்ற ஒலிகள் கேட்காமல் போய்விட்டன, அந்தக் கேட்கும் திறன் திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார். செல்வம் இப்போது காதை அடைத்துக்கொண்டுதான் வாசிக்கிறான். என்னிடம் அவன் கோபமே காட்டவில்லை.

யாராவது ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதில்லை. பயம்தான் வருகிறது.