ஆலங்கட்டி மழைக்கு அப்புறம்

ஓசூரில் இன்று மொட்டை மாடித் தொட்டியில் தக்காளிச் செடியைக் கிள்ளியபோது விரலில் ஒட்டிய பச்சை வாசனை, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் நாங்கள் குடியிருந்த, இப்போது அகலச் சாலைக்கு அடியில் போய்விட்ட தகரக் கொட்டாய்க்கு என்னை இழுத்துப் போனது. காற்றில் படபடக்கும் சாக்குப் படுதாவும், அம்மா கூடை கூடையாகத் தரம் பிரிக்கும் தக்காளியின் ஈரமுமாக என் நாட்கள் அங்கே கழிந்தன. ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை பெய்து, மறுநாள் பறிக்க இருந்த தோட்டம் முழுவதையும் கால் மணி நேரத்தில் சாய்த்துவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அப்பா எங்களிடம் எதையும் மறைக்கவில்லை.

“எனக்கு அழுகையா வருது. கொஞ்ச நேரம் அழுதுக்கறேன்.”

“அழுதுட்டு வாங்க, காப்பி வெக்கறேன்,” என்றாள் அம்மா, குளிக்கப் போகிறவரிடம் சொல்வதுபோல.

வாசலில் உட்கார்ந்து அழுதவரிடம் ஐந்து வயதுத் தங்கச்சி போய், “முடிஞ்சுதாங்கப்பா?” என்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்குது, கண்ணு.”

“அப்ப நானும் இருக்கறேன்,” என்று மடியில் ஏறிக்கொண்டாள். அப்பா அழுதுகொண்டே சிரித்தார். பொழுது சாயும் முன் நால்வருமாகச் சேற்றில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கினோம். அந்த வாரம் முழுக்கத் தக்காளிக்காய்க் கூட்டுதான், யாருக்கும் அலுக்கவில்லை.