கூடத்துப் பனையின் பாகப்பிரிவினை

சில ஆண்டுகளுக்கு முன் என் கணவரும் அவருடைய அண்ணனும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பொள்ளாச்சித் தோப்பும் மில் பங்கும் சத்தமில்லாமல் பிரிந்தன. தகராறு வந்தது, கூடத்தில் அழகுக்காக நான் வருடக்கணக்காக வளர்த்த தொட்டிப் பனையில்தான். அதில் ஐந்து தண்டுகள் இருந்தன. ஐந்தை எப்படி இரண்டாக்குவது என்று இரண்டு பெரிய மனிதர்களும் காலை முழுவதும் யோசித்தார்கள்.

“தண்ணியில ஊறப்போட்டா வேரு நோகாம பிரியுமுங்க மாமா. நான் பிரிச்சுத் தாரேனுங்க” என்றேன்.

“நீ பிரிச்சா உன்ற பக்கம் ஒரு தண்டு கூடப் போயிருமல்லோ அம்மணி!” என்றார் அண்ணன்.

“நடுவுல போட்டுருங்கண்ணா, வம்பே வேண்டாம்” என்றார் என் கணவர்.

தொட்டியை உடைத்து, வேர்க்கட்டியின் நட்டநடுவில் அரிவாளை இறக்கினார்கள். நடுத்தண்டு அடிவரை பிளந்தது. ஆளுக்கு இரண்டரைத் தண்டு. இருவர் முகத்திலும் அப்படியொரு திருப்தி. அந்த மாதத்துக்குள் இரண்டு பாதிகளும் சமமாகவே காய்ந்தன.

கூட்டித் தள்ளிய மண்ணில் விரல் நீளப் பக்கக்கன்று ஒன்று வேரோடு கிடந்தது. யார் பங்கிலும் சேராத அதை எடுத்துப்போய் நட்டேன், பிழைத்துக்கொண்டது. இப்போது அதன் பக்கத்தில் புதுக்கன்று எட்டிப்பார்த்தால், இளசாக இருக்கும்போதே மண்ணை நனைத்து, விரலால் வேரை விலக்கி, வேறு தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு தொட்டிக்கு ஒரு தண்டுதான். எனக்கும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள்.