ஷ்யாமளா நிரப்பும் கேள்வித்தாள்கள்

மாட்டுங்காவில் ரயில் ஏறிய கையோடு ஷ்யாமளா பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துவிடுவாள். இடம் கிடைத்தால் மடியில் வைத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் பெண்கள் பெட்டியின் தடுப்பில் சாய்ந்து நின்று பென்சிலால் டிக் அடிப்பாள். முதல் தடவை தனக்காக. குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் வண்டிக்கு மாறிய பிறகு இரண்டாம் தடவை, தெரிந்த வேறு யாரோ ஒருவராக. செம்பூர் வருவதற்குள் முடியாது. மிச்சத்தை ஆபீஸ் கேன்டீனில் முடிப்பாள். அடிக்கடி மாட்டிக்கொள்பவர் அவளுடைய கணவர் வெங்கடராமன். "அவர் எல்லாத்துக்கும் 'சில சமயம்'னுதான் போடுவார். பொண்ணு பாக்க வந்தப்பவே அப்படித்தான் பதில் சொன்னார்" என்பாள், சிரிக்காமல்.

ஆஸ்பத்திரிக் கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் செய்யும் கம்பெனியில் பயிற்சிப் பிரிவு அவள் பொறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களின் வளர்ச்சிக்கென்று பயிலரங்கு நடக்கும். அதற்கு முன்னால் ஒரு மதிப்பீடு. முன்பெல்லாம் யாராவது பரீட்சை என்று சொல்லிவிட்டால் உடனே திருத்துவாள்: "பரீட்சை இல்லே. பாஸ், ஃபெயில் ஒண்ணும் கெடையாது. கண்ணாடி மாதிரி, கேட்டேளா?" மூன்று வருடமாக அந்தக் கண்ணாடியைப் பற்றி அவள் பேசுவதில்லை. காரணம் காசிம்.

காசிம் தாராவியிலிருந்து வருபவர். பிறந்ததும் அங்கேதான், பேச்சு மட்டும் திருநெல்வேலி. சரக்கு அனுப்பும் பிரிவில் பதினான்கு வருடம். ஏற்றி இறக்கும் இருபது பேரில் யாருக்கு முதுகுவலி, யாருக்குத் தங்கை கல்யாணம் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். ஒரு மழையில் ரயில் நின்றுபோனபோது இருபது பேரையும் கோடவுனில் தங்கவைத்து, பக்கத்து ஓட்டல்காரரைப் பேசிச் சரிக்கட்டி, எல்லோருக்கும் கிச்சடி கிண்ட வைத்தார். அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர் இடம் காலியானபோது அது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷ்யாமளாவும்தான்.

அந்த வருடம் அவள் தேர்ந்தெடுத்தது குணத்தை அளக்கும் கேள்வித்தாள். எல்லோரையும் பதினாறு வகையாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு வகையை எழுதிக் கொடுத்துவிடும். கேள்விகள் தமிழிலும் இருந்தன, அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. காசிமுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் பிடிபடாது. அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து அவளே தமிழில் சொன்னாள். பலரோடு இடைவிடாமல் பழகும் பொறுப்புகள் இவருக்குச் சோர்வளிக்கக்கூடும் என்பதுதான் அதில் இருந்த வரி. அன்றைக்கு அவளுக்கு வரிசையாக ஒன்பது பேர். அவசரத்தில் அவள் வாயில் வந்தது வேறு: "ஆளுகளை வச்சு வேலை வாங்கறது உங்களுக்கு ஒத்துவராது போல இருக்கு, காசிம் பாய்."

இந்த அறிக்கையைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அதன் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. அதற்கடுத்த வாரம், சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் எம்.டி. அந்த அறிக்கையைத்தான் கையில் வைத்திருந்தார். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூன்றாவது பக்கத்தைப் படித்தார். முதல் பக்கத்தில் இருந்தது ஷ்யாமளாவுக்குத் தெரியும். எதிரிலிருந்த தண்ணீர்க் குவளையை அரை அங்குலம் நகர்த்தி வைத்தாள். வேலை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று.

காசிம் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. நம்பிவிட்டார். ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் பக்கம் போனார். யாராவது ஒரு விவகாரத்தைத் தீர்க்கக் கூப்பிட்டால், "நம்ம டைப்பு அதுக்கு ஆகாதுப்பா" என்றார். கம்பெனியின் குடும்ப விழாவில் அவர் மனைவி சாயிரா ஷ்யாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்க மஹல்லா தெருவுல கல்யாணம், மையத்து அடக்கம்னா முன்னால நிக்கிறவ்வோ இவ்வோதான் மேடம். இப்பம் கூப்பிட்டா போவ மாட்டேங்காவ. நான் தனியாளுன்னு கம்ப்யூட்டர்ல வந்திருக்குங்காவ. அப்படியா மேடம் வந்திருக்கு?"

சில மாதம் கழித்து ஒருநாள் ரயிலில் அந்தப் பழைய கேள்வித்தாளைக் காசிமாக இருந்து நிரப்பினாள். பதினேழாவது கேள்வியில் பென்சில் நின்றுவிட்டது. ஓய்வு கிடைத்தால் தனியாக இருக்க விரும்புவீர்களா? தாராவியில் ஒரே அறை, அதில் எட்டுப் பேர், தூங்குவதற்கு முறை வைத்துப் படுக்கிற வீடு. 'எப்போதும்' என்று காசிம் போட்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் யார்தான் வேறு பதில் போடுவார்கள்? செம்பூரில் இறங்க மறந்து இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

இந்த வருடம் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அதே குணக் கேள்வித்தாள், புதிய அட்டையோடு. இன்னொரு பக்கம் யோசிக்கும் விதத்தை அளப்பது. அதைக் கொண்டுவந்தவள் கேள்வித்தாள் விற்கும் நிறுவனத்தின் ஷ்ருதி என்ற முலுண்ட் பெண்.

"மேம், பர்சனாலிட்டி அவ்வளவு சீக்கிரம் மாறாது. இது, ஒருத்தர் எப்படி யோசிச்சுப் பழகியிருக்கார்னு மட்டும்தான் சொல்லும். பழக்கம்தானே, மாத்திக்கலாம்."

"மாத்திக்கலாம்னு அவாகிட்ட யாரு சொல்லுவா?"

"ரிப்போர்ட்லயே இருக்கு மேம். நாலாவது பக்கம்."

"நாலாவது பக்கத்தை யாரு படிக்கறா, ஷ்ருதி?"

அன்று சாயங்காலம் அதையும் காசிமாக இருந்து நிரப்பினாள். 'என்னைப் பற்றிப் பிறர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வாக்கியம். 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக் போட்டபின் மேற்கொண்டு எழுதக் கை ஓடவில்லை. எது நல்ல கேள்வித்தாள் என்று மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்தவளுக்கு, முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல என்று பட்டது. பதில் யார் கைக்குப் போகிறது, அதை எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்பதுதான் முதல்.

கூட்டத்தில் யோசிக்கும் விதத்தை அளக்கும் கேள்வித்தாளையே கேட்டாள். மாறக்கூடியதை அளந்தால்தான் பயிற்சி என்று ஒன்று இருக்க முடியும் என்றாள். கூடவே ஒரு காகிதத்தை எம்.டி. முன்னால் நகர்த்தினாள். அறிக்கை அவரவர் கைக்கு மட்டும், அவரவர் மொழியில். ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு மதிப்பீடு. பதவி உயர்வுக் கூட்டத்துக்கு அது வரக்கூடாது.

"நாங்கள் பார்க்க முடியாததற்கு நாங்கள் ஏன் ஏற்பாடு செய்ய வேண்டும்?" என்று எம்.டி. இந்தியில் கேட்டார்.

"போன தடவை பார்த்தோம் சார். நல்ல ஆளை இழந்தோம். அவர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கறார்."

அதோடு நிறுத்தவில்லை. முதல் பக்கத்தில் இருந்ததையும், அன்று தான் பேசாமல் இருந்ததையும் எல்லோர் எதிரிலும் சொன்னாள். எம்.டி. வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சூப்பர்வைசர் இடம் இப்போது மறுபடி காலி. மறுநாள் ஷ்யாமளா கோடவுனுக்குப் போனாள். லாரிப் பக்கம் இரண்டு பேர் எதை முதலில் ஏற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காசிம் நிமிராமலே கட்டில் முதலில், நாற்காலி மேலே என்றார், சண்டை நின்றது. அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, தேநீருக்குச் சொல்லி அனுப்பினார்.

"அந்த வேலைக்கு நீங்க எழுதிக் குடுங்கோ, காசிம் பாய்."

"நமக்கு ஆளுவள வச்சு மேய்க்கத் தெரியாது மேடம். நீங்கதான கண்டுபிடிச்சுச் சொன்னிய? நல்லவேளை சொன்னிய. இல்லேன்னா அதுல போய் உக்காந்து அசிங்கப்பட்டிருப்பேன்."

"நான் சொன்னது தப்பு. காகிதத்துல அப்படி இல்லே. ஒத்துவராதுங்கறது என்னோட வார்த்தை. அந்த வேலை உங்க கையைவிட்டுப் போகாம நான் தடுத்திருக்கலாம். நான் வாயைத் தொறக்கலே."

காசிம் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்த அறிக்கை, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். "மூணு வருசமா இத வச்சுத்தான் மேடம் நான் இன்னாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

"குடுங்கோ, கிழிச்சுப் போட்டுடறேன்" என்று ஷ்யாமளா கையை நீட்டினாள்.

அவர் உறையின் ஓரத்தை நீவிவிட்டு, அதை அலமாரியிலேயே திரும்ப வைத்துப் பூட்டினார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. இன்னும் நீட்டியபடியே இருந்த அவள் கையில் கிளாஸை வைத்து, அவள் பிடித்துக்கொள்ளும்வரை தன் விரல்களை எடுக்காமல் நின்றார்.