மணலில் இறங்கிய லாரி

தென்கடலோரம் எழுந்தருளியிருக்கும் இராமநாதப் பெருமானே, என் நினைவும் சொல்லும் பிழைபடாமல் துணை நிற்பாயாக.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்று தை அமாவாசை நன்னாள். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கி என் கணவர் காரை ஓட்ட, மஞ்சள் துணி கட்டிய அஸ்திக் கலயத்தை மடியில் ஏந்தி அருகே அமர்ந்திருந்தேன். உள்ளே இருந்தது என் தந்தையார். பெருமானின் தீவிலுள்ள அக்கினி தீர்த்தக் கடலில் கரைய வேண்டும் என்பது அய்யாவின் கடைசி விருப்பம். அவருக்கு நான் ஒரே பிள்ளை. அந்நாளில் தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. மண்டபத்தில் காலை ரயிலை விட்டால், அடுத்தது வருவதற்குள் திதி கழிந்துவிடும்.

உச்சிப்புளி தாண்டியதும் எதிரே கருவாட்டு மூட்டை ஏற்றிய லாரி வந்தது. ஒரு வண்டி போகும் அகலமே தார், இருபுறமும் மணல். பாரவண்டி தாரில் நிற்க, இலேசான வண்டி மணலில் இறங்கி வழிவிடுவதே அச்சாலையின் வழக்கம். சக்கரம் புதைந்தால் ரயில் போய்விடுமே என்று என் கணவர் இறங்க மறுத்தார். வண்டிகள் எதிரெதிரே நின்று அலறின.

"ரயிலைப் பிடிக்கணும், வழிய விடுய்யா!" என்று கத்தினார் கணவர்.

லாரிக்காரர் நடுவயது இசுலாமியர்; குதித்து இறங்கி வந்தார். "ஏண்ணே, மாமனார் ரோட்டையும் சேத்துச் சீதனமாக் குடுத்துட்டாரா?"

கணவர் சீறிக் கதவைத் திறந்தார். கை ஓங்கிவிடுவாரோ என்று கலயத்தை இறுக அணைத்தேன். அதற்குள் லாரிக்காரரின் பார்வை என் மடியில் விழுந்தது.

"யாரு தாயி?"

"எங்க அய்யா."

"தௌபா, தௌபா! அந்த மனுசரையா வம்புக்கு இழுத்தேன்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏறி, அத்தனை பாரத்தோடும் லாரியை மணலில் இறக்கினார். நாங்கள் கடந்ததும் திரும்பிப் பார்த்தேன். பின்சக்கரங்கள் பாதி புதைந்து, லாரி சாய்ந்து நின்றது.

"நிக்காதீக, போங்க! ரயிலு போயிரும்!" என்று கையசைத்தார்.

கணவர் வண்டியை நிறுத்தினார். சினம் வடிந்த முகத்தோடு, "உன் அய்யா. நீதான் சொல்லணும்" என்றார்.

மடி கனத்தது. அய்யாவின் ஆசை ஒருபுறம். அவருக்காக வழிவிட்டவர் மறுபுறம்.

"இறங்குங்க" என்றேன்.

இருவரும் மூட்டைகளை இறக்கினார்கள். பனைமட்டைகளைச் சக்கரத்தடியில் பரப்பினார்கள்; லாரிக்காரர் ஓட்ட, கணவர் தள்ளினார். லாரி தாரில் ஏறிய வேளையில், தொலைவில் ரயில் கூவிச் சென்றது. லாரிக்காரர் தலை கவிழ்ந்தார். கணவர் அவர் கையைப் பற்றி, "முறைப்படி இறங்க வேண்டியவன் நான்தாண்ணே" என்றார்.

மண்டபத்துக் கரையிலேயே அய்யாவைக் கரைத்தோம். நீருக்கு அப்பால் தீவு தெரிந்தது. கடல் ஒன்றுதான் என்று கணவர் தேற்றினார். ஒன்றுதான், ஆனாலும் இன்னும் கொஞ்ச தூரம் என்று நெஞ்சு ஏங்கிற்று.

இப்போது கணவரும் இல்லை. தை அமாவாசைதோறும் பாலத்தின் வழியே தீவுக்குப் போகிறேன். சாலை அகன்றுவிட்டது, முந்துவதற்காக வண்டிகள் சீறுகின்றன. எதிர்வரும் ஒவ்வொரு லாரியிலும், "போங்க" என்று கையசைத்த அந்த முகத்தைத்தான் என் கண்கள் தேடுகின்றன.

இதைப் படிக்கும் அனைவரும், வழி கொடுத்தும் வழி பெற்றும், நலமே வீடு சேர்வீர்களாக.