கை தூக்கினால் அடுத்த அடி

பாக்கியலட்சுமிக்குத் தொண்டை ஒன்றுதான், அதற்கு எஜமானர்கள் இரண்டு பேர். பகலில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரி, வாரக் கடைசியில் நாடக சபை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் மகள் கல்லூரியில் குரல் பயிற்சி நடத்துகிறாள் என்று காஜா பெராங் வட்டாரத்தில் மெச்சிக்கொண்டவர்கள், அவளே ராணி வேஷம் கட்டுவதைப் பற்றி மட்டும் கிசுகிசுத்தார்கள். முன்வரிசை டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

வகுப்பில் அவளுக்கு ஒரு பழக்கம். பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்திக் கையைத் தூக்குவாள். அடுத்த மூச்சில் மாணவிகள் அதே சுருதியில், அவள் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். பிந்தினால் மறுபடி முதலிலிருந்து.

"நாளைக்கு நீங்க வகுப்புல நிக்கும்போது பாட்டு அறுந்துச்சுன்னா, பிள்ளைங்க கவனமும் அங்கேயே அறுந்துரும்" என்பாள். "வலிச்சா பாடாதீங்க" என்றும் சொல்வாள். இரண்டாவதை அவள் தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த ஆண்டு, மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு ஊரெல்லாம் தயாராகிக்கொண்டிருந்தபோது, காலையில் எழுந்தால் அவளுக்குக் குரல் வராமல் போயிற்று. வாயைத் திறந்தால் வெறும் காற்று. வெந்நீர் குடித்துக் காத்திருந்தால் மெல்ல வரும். முதலில் முகம் கழுவுவதற்குள் வந்தது. பிறகு பசியாறி முடிக்கும்வரை காக்க வைத்தது. பிறகு கல்லூரி வாசலில் சைக்கிளை நிறுத்தும்வரை வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கொப்புளம் போல ஒன்று இருக்கிறதாம். ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, இரண்டு வேலையில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றார். இதோடு உச்சத்தில் பாடி அது கிழிந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

எதை விடுவது? மேடையை விட்டால் வகுப்பில் சொல்லித்தர என்ன மிச்சம் இருக்கும்? வகுப்பை விட்டால் வெறும் கூத்தாடி. அவளுக்கு இரண்டும் வேண்டும், அதுதான் அவளுடைய பேராசை. பண்டார் ஹிலிர் திடலில் விழா நாடகம் ஒன்று முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை விழுங்கிவிட்டாள்.

சபையின் ஆர்மோனியக்காரர் அப்பாசாமியிடம் மட்டும் அது பலிக்கவில்லை. ஒத்திகையில் அவள் மூச்சு பிசிறுவதைக் கேட்டுவிட்டார்.

"பாக்கியம், அரைக் கட்டை எறக்கிக்குவோம். சனங்களுக்குத் தெரியாது."

"சபைக்காரங்களுக்குத் தெரியும்ண்ணே. கட்டை எறக்கிட்டாளாம்னு நாளைக்கே கல்லூரி வரைக்கும் போயிரும்."

"போனா போவுது. தொண்டைய ஜாகா பண்ணும்மா, பத்திரமா வச்சுக்க."

அவள் கேட்கவில்லை. ராணி வேஷக்காரி சுருதி இறக்குவதும் கிரீடத்தைக் கழற்றுவதும் சபையில் ஒன்றுதான். ஐந்தரைக் கட்டை என்றால் ஐந்தரைக் கட்டை. தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்து இரண்டு நாள் கிசுகிசுத்தே பேசினாள். கிசுகிசுப்பது அதைவிடக் கேடு என்று வகுப்பில் சொல்பவளும் அவளேதான்.

விழா அன்று சாயங்காலம் கடற்காற்று தோரணங்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து மாணவிகளை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர்களைப் பார்த்தவள் கிரீடத்தை இன்னொரு முறை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பாட்டுவரை தாக்குப்பிடித்தாள். ராணி தன் நாட்டை வாழ்த்தும் பாட்டு அது. ஒத்திகையில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்த பாட்டு, வகுப்பிலும் சொல்லிக் கொடுத்ததுதான். மேல் ஸ்தாயியைத் தொட்ட நொடியில் தொண்டைக்குள் ஏதோ அறுந்தது. வலிக்கக்கூட இல்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. அவளை அறியாமல் கை மேலே போயிற்று.

முன்வரிசை எழுந்தது. விட்ட இடத்திலிருந்து, அதே ஐந்தரைக் கட்டையில், அத்தனை பெண்களும் பாட்டை எடுத்தார்கள். திடலே ஆர்ப்பரித்தது. இப்படியும் ஒரு ஏற்பாடா என்று பெரிய மனிதர்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பாசாமி மட்டும் தலை நிமிராமல் துருத்தியைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

திரை விழுந்ததும் ருக்மணி என்ற மாணவி மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள்.

"டீச்சர், இப்படிச் செய்யப் போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. சுருதி சரியா எடுத்தோமா?"

பாக்கியலட்சுமி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்பாசாமி கொடுத்த வெந்நீரைக் குடித்துவிட்டு, காலையில் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். டம்ளர் ஆறிப்போயிற்று. ருக்மணி பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கியலட்சுமி சரி என்று தலையாட்டினாள்.

"அப்ப நாளைக்கு வகுப்புல இதோட அடுத்த பாட்டு சொல்லித் தர்றீங்களா டீச்சர்?"

அதற்கும் தலையாட்டினாள்.