முதலை கொண்டுபோன பெண்

செத்துப்போன ஒரு பெண்ணின் மேல் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதுவும் அந்தப் பெண் நான்தான் என்று நினைத்துக்கொண்டே. எட்டு வயதில் இதெல்லாம் நடக்கக்கூடியதுதான்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அப்போது ஒரு வில்லாவில் செக்யூரிட்டி. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறி, வேறொரு தீவில் இறங்கி, ஜீப்பில் போய், கடைசியில் சின்னப் படகில் ஓடையைத் தாண்டினால்தான் அந்த வில்லா வரும். போனுக்கு சிக்னல் கிடையாது. டாக்டர் வேண்டுமானால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மாமாதான் காவல், மாமாதான் முதலுதவி. அத்தை சமையல். முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பா என்னை ஷாதிபூர் வீட்டிலிருந்து அங்கே அனுப்பிவைப்பார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. ஆகவே லீவு முழுக்க இருவரும் எனக்கே சொந்தம் என்பது என் எண்ணம்.

அந்த வருஷம் அதில் மண் விழுந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா, அம்மா, என் வயதில் ஒரு மகள். கெஸ்ட் இருக்கும்போது வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் முன்பக்கம் வரக்கூடாது என்பது வில்லாவின் சட்டம். நான் சமையல்கட்டின் மறைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். மாமா அந்தப் பெண்ணின் ஷூவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். இங்கே பூரான் முழ நீளத்துக்கு வளரும், ஷூவுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். உதறாமல் காலை விடக்கூடாது. அது சரி, என் செருப்பை நான்தானே உதறிக்கொள்கிறேன்? லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வாரை இழுத்துப் பார்த்தார். வழுக்குப்பாறையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அவள் வாய்க்கு வாய் 'அங்கிள்' என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் மாமா இவளுக்கு எப்படி அங்கிள் ஆனார்?

கெஸ்டுகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை என்பது இப்போது புரிகிறது. ஓடை கடலில் சேரும் இடத்தில் முதலை உண்டு. முதலைப் படம் போட்ட பலகையும் உண்டு. வருகிறவர்கள் அந்தப் பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தோம் என்று தண்ணீரில் காலையும் நனைப்பார்கள். மாமா கயிறு கட்டினார், தாண்டினார்கள். விசில் ஊதினார், சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். கடைசியில் அவருக்கு ஒரு கதைதான் கைகொடுத்தது. கெஸ்ட் வந்த அன்று சாயங்காலம் டீயோடு அதையும் கொடுத்துவிடுவார். அந்த நேரம் பார்த்து அத்தை தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். அந்த வருஷம்தான் நான் அதை முதல்முறையாக மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அந்த ஓடப்பக்கம் மட்டும் போயிராதீங்க சார். எம் மகள முதலை கொண்டுபோயிருச்சு. இங்க இல்ல, வேற தீவுல. ஆனா இதே மாதிரி ஓடைதான். பாப்பா வயசுதான் சார். அவ அம்மா துணி அலசிக்கிட்டு இருந்தா. ஒரு சத்தம், அம்புட்டுதான்."

சென்னைப் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தை எப்படி இருப்பாள் என்று கேட்டாள்.

"இடதுகைக்காரிம்மா. அடிச்சாலும் மாத்திக்க மாட்டா. நல்லாப் பாடுவா. எதித்து ஒரு வார்த்த வராது." மாமா காலி டீ கிளாஸ்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமாவுக்கு மகள் கிடையாது. இருக்கிற ஒரே பெண் நான். அப்படியென்றால் முதலைக்குத் தின்னக் கொடுத்தது என்னைத்தான். குட்டு உடைந்துவிடும் என்றுதான் என்னைப் பின்கட்டில் ஒளித்துவைத்திருக்கிறார். சாகடித்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உயிரோடு இருக்கிற என்னை வாயாடி என்கிறவர், நான் பாடினால் காதைப் பொத்திக்கொள்கிறவர், செத்த என்னை மட்டும் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறாரே! அந்த நல்ல பெண்ணை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சென்னைப் பெண் கயிற்றுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டி, பலகைக்குக் கீழே இரண்டு செம்பருத்தியும் ஒரு பெரிய சாக்லேட்டும் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். வெளிநாட்டுச் சாக்லேட். செத்தவள் நான் என்றால் சாக்லேட் யாருக்கு? அவள் நகர்ந்ததும் நான் கயிற்றுக்குள் குனிந்து போய், பலகையடியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"யாரு நீ?"

"முதலை கொண்டுபோச்சில்ல, அந்தப் பொண்ணு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ முதலையே இல்லையா?" என்றாள். கயிற்றைத் தாண்டினாள். என்னையும் தாண்டி, முழங்கால் தண்ணீரில் போய் நின்று சிரித்தாள்.

மாமா ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடிவந்தார். அவளை ஒரு கையில் அள்ளி, மறுகையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேட்டுக்கு இழுத்துவந்து போட்டார். முதலை வரவில்லை. அவளுடைய அப்பாதான் வந்தார்.

"செத்துப்போச்சுன்னு சொன்ன பொண்ணு இதுதானா?"

"இல்ல சார், இது தங்கச்சி மக."

"அப்போ அந்தப் பொண்ணு?"

மாமா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது சும்மா கதை அங்கிள். மாமாவுக்குப் புள்ளையே கிடையாது. நான் இடதுகைக்காரிகூட இல்ல, பாருங்க." சாக்லேட் அப்பிய வலதுகையை விரித்துக் காட்டினேன்.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை இருக்குமா? இப்படியா பொய் சொல்லி அழவைப்பீங்க? அப்படி ஒரு பொண்ணு இருந்துச்சா, இல்லையா?"

மாமா என்னைப் பார்த்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தார். "இல்ல சார். பாப்பா சொல்றதுதான். மாஃப் கரோ, மன்னிச்சிருங்க" என்றார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

அப்படி ஒரு பெண் இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். இடதுகைக்காரிதான், நன்றாகப் பாடுகிறவள்தான். படிப்புக்காக மெயின்லேண்டுக்குக் கப்பலேறும் சமயத்தில்தான் அம்மா இதை எனக்குச் சொன்னாள். அத்தை தாங்கமாட்டாள் என்று குடும்பத்தில் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லையாம். மாமா மகளைப் பற்றி வாய்திறந்தது முன்பின் தெரியாத கெஸ்டுகளிடம் மட்டும்தான். அன்றோடு அதுவும் போயிற்று.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதை இனிச் செல்லாது என்பதால், மத்தியானத்திலிருந்து மாமாவே கயிற்றுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய் ஒட்டி உட்கார்ந்தேன். எனக்கு ஒரே குஷி. போட்டிக்கு இருந்தவளை அவர் வாயாலேயே இல்லை என்று சொல்லவைத்தாயிற்று. அதை உறுதி செய்துகொள்ள ஆசைப்பட்டேன்.

"மாமா, அந்தப் புள்ள இல்லதானே?"

"இல்லத்தா."

"அப்போ எந் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

மாமா கையைத் தூக்கினார். என் தலைக்கு மேலே வந்த கை அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, என்னைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

லீவு முடியும்வரை நான் அவரோடு பேசவில்லை. என் தலையில் கை வைக்கக்கூட மனசில்லாத அளவுக்கு இல்லாத அந்தப் பெண் உசத்தியாகிவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு கோபம்.