பிள்ளையைக் குளிப்பாட்ட அவசரப்பட்ட நாள்

1. ஏழு நிமிடம்

தக்கலைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருபத்தொன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலையே பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுதான். அப்போது அதுதான் வழக்கம். தொப்புள்கொடியைக் கட்டி, எடை பார்த்து, அரை மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி வெளியே நிற்பவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

முழங்கையை நனைத்து வெந்நீரின் சூடு பார்ப்பது, இடது கையில் கழுத்தைத் தாங்குவது, காதில் தண்ணீர் போகாமல் தலையை நனைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிட்டது. ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவேன். "விமலா சிஸ்டர் குளிப்பாட்டினா பிள்ளை அழாது" என்று வார்டில் பேர் வாங்கினேன். எனக்கும் அதில் பெருமை இருந்தது. பின்னால் நான் செய்த தவறில் அந்தப் பெருமைக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2. புது ஆர்டர்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு டாக்டர் சுபா குழந்தைகள் டாக்டராக வந்து சேர்ந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வந்த வாரமே ஓர் ஆர்டர் போட்டார். பிறந்து இருபத்துநாலு மணி நேரம் ஆகாமல் எந்தப் பிள்ளையையும் குளிப்பாட்டக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் நெஞ்சில் போட வேண்டும்.

"அழுக்கோட குடுத்தா ஆளுக நம்மளத்தான் குறை சொல்லுவாங்க டாக்டர்" என்றேன்.

"அது அழுக்கு இல்ல சிஸ்டர். அந்த வெள்ளையா ஒட்டியிருக்கது தோலுக்குக் காவல். வயித்துக்குள்ள கதகதப்பாக் கிடந்த பிள்ளைக்கு வெளிய வந்ததும் உடம்புச் சூட்டப் பிடிச்சு வைக்கத் தெரியாது. நனைஞ்சா சூடு இறங்கும். சூடு இறங்கினா சுகர் இறங்கும், பால் குடிக்காது. ரெண்டரை கிலோவுக்குக் கீழன்னா இருபத்துநாலு மணி நேரமும் பத்தாது, இன்னும் தள்ளணும்."

தலையாட்டினேன். அப்படியானால் நான் இத்தனை வருடம் குளிப்பாட்டிய பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்றாம் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. குளிப்பாட்டிக் கொடுத்ததும் நான் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அதன்பிறகு எந்தப் பிள்ளையின் உடம்பு குளிர்ந்தது என்று தொட்டுப் பார்த்ததில்லை.

3. வீடியோ கால்

ஆனி மாதம், நல்ல மழை. காலை பதினொரு மணிக்கு ஜெனிஷா என்ற பெண்ணுக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தேழு வாரம், எடை இரண்டு கிலோ முந்நூறு. கணவன் அஜின் மஸ்கட்டில் வேலை. தாய் தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டதால் அவனை வளர்த்தது அக்கா ரோஸ்லெட். அவர்தான் குலசேகரத்திலிருந்து கூட வந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரப்பர் பால் வெட்டும் வேலை.

முதுகில் போட்ட மயக்க ஊசியால் ஜெனிஷாவுக்கு நடுக்கம். ரெக்கவரி அறையில் வைத்திருந்தார்கள். நான் பிள்ளையைத் துடைத்துச் சுற்றி ரோஸ்லெட்டிடம் கொடுத்தேன். அவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், குளிப்பாட்டல்லியா?"

"நாளைக்குப் பாத்துத்தான் சொல்லுவாங்க அக்கா. டாக்டர் ஆர்டர்."

"தலையில ரத்தம் ஒட்டிக் கிடக்கு. ஒன்றரை மணிக்கு அவனுக்குச் சாப்பாட்டு நேரம், வீடியோ கால்ல வருவான். ரெண்டு தடவ கலைஞ்சு போய் மூணாவது நின்ன பிள்ளை. இந்தக் கோலத்துல எப்பிடிக் காட்டுகது?"

முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சிறிது நேரத்தில் போனோடு மறுபடி வந்தார். ஸ்பீக்கரில் அஜின் பேசினான். "சிஸ்டர், எனக்கு அடுத்த லீவு மார்ச்சுலதான். ஒரு தடவ நல்லாப் பாத்துக்கிடுகேன்."

டாக்டர் ஓ.பி.யில் இருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெந்நீர்தானே, ஏழு நிமிடம்தானே, நான்தானே குளிப்பாட்டப் போகிறேன் என்று நினைத்தேன். ஒரு மணிக்குக் குளிப்பாட்டினேன். பிள்ளை பிறந்து இரண்டே மணி நேரம். அது அழவில்லை. தலை சீவி, மஞ்சள் சட்டை போட்டுக் கொடுத்தேன். அஜின் திரையில் பார்த்து அழுதான். ரோஸ்லெட் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மருந்து கொடுக்க வார்டுக்குப் போனேன்.

4. முப்பத்தைந்து புள்ளி நாலு

இரண்டு மணிக்கு ரோஸ்லெட் வார்டு வாசலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், பிள்ளை நல்லா உறங்குகு. ஆனா காலு பச்சத்தண்ணி மாரி இருக்கு."

பாதத்தைத் தொட்டேன். பிறகு வயிற்றைத் தொட்டேன். பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் சுதாரிக்க நேரம் உண்டு. வயிறும் குளிர்ந்திருந்தது. சுண்டுவிரலைச் சுத்தம் செய்து வாயில் வைத்தேன். சப்பவில்லை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். 35.4. செல்சியஸில் முப்பத்தாறரை இருக்க வேண்டும். மறுபடி வைத்தேன். அதே 35.4.

பிள்ளையைச் சூடாக வைக்க எங்களிடம் இருந்தது ஒரே வார்மர். அதில் எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை கிடந்தது. டாக்டரை அழைத்தேன். வந்ததும் பிள்ளையின் தலையை முகர்ந்தார். சோப்பு மணம்.

"எப்ப குளிப்பாட்டுனீங்க?"

"ஒரு மணிக்கு."

குதிகாலில் குத்திச் சுகர் பார்த்தார். முப்பத்தெட்டு. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். "பால் எடுத்துப் பாலாடையில குடுங்க. யாராவது நெஞ்சோட சேத்து வைக்கணும். ஒரு மணி நேரத்துல சூடு ஏறலன்னா நாகர்கோவிலுக்கு அனுப்பணும்."

ஜெனிஷாவுக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. டாக்டர் ரோஸ்லெட்டைப் பார்த்து, "நீங்க வாங்க" என்றார்.

அவர் ஓரடி பின்னால் போனார். "நானா? நான் பெறாதவ டாக்டர். எனக்கு இதொண்ணும் தெரியாது."

"தெரிய ஒண்ணும் இல்ல. உங்க உடம்புல சூடு இருக்கு. அது போதும்."

திரையை இழுத்து, ஃபேனை நிறுத்தினோம். பிள்ளைக்குத் தொப்பியும் சாக்ஸும் மட்டும் விட்டு, ரோஸ்லெட்டின் வெறும் நெஞ்சில் கிடத்தி, மேலே இரண்டு கம்பளி போர்த்தினேன். பிறகு ஜெனிஷாவிடம் பால் எடுக்கப் போனேன்.

"பிள்ளை எங்க சிஸ்டர்?"

"குளிப்பாட்டினதுல உடம்பு குளிர்ந்துட்டும்மா. நான்தான் குளிப்பாட்டினேன். உங்க நாத்தனார் நெஞ்சுல வச்சிருக்காங்க."

"சீக்கிரம் பால எடுங்க" என்றாள். பல் கிடுகிடுக்கச் சொன்னாள். மஞ்சள் நிறச் சீம்பால் ஐந்து மில்லி கிடைத்தது. பாலாடையின் மூக்கு வழியாகத் துளித்துளியாகப் பிள்ளையின் வாயில் விட்டேன்.

கால் மணிக்கு ஒருதரம் பார்த்தேன். 35.6. 35.8. ரோஸ்லெட் நாற்காலியில் அசையாமல் இருந்தார். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் 36.2. டாக்டர் சுகர் பார்த்துவிட்டு, "இங்கேயே இருக்கட்டும்" என்றார். நாலு மணி சமயம் 36.7.

"சிஸ்டர், எனக்க நெஞ்சுல என்னவோ தேடுகு" என்றார் ரோஸ்லெட்.

பிள்ளை வாயைத் திறந்து தலையை ஆட்டியது. எடுத்துக்கொண்டு போய் ஜெனிஷாவிடம் போட்டேன். பிடித்துக் குடித்தது. அப்போதுதான் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

5. கேஸ் ஷீட்

டியூட்டி முடியும்போது கேஸ் ஷீட் எழுத வேண்டும். "குழந்தையின் உடல் குளிர்ந்து காணப்பட்டது" என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அடுத்த டியூட்டியில் வருபவருக்கு ஏன் குளிர்ந்தது என்று தெரிய வேண்டும். "டாக்டர் ஆர்டரை மீறி, பிறந்து இரண்டு மணி நேரத்தில் என்னால் குளிப்பாட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் படித்தார். "எழுதாம விட்டுரலாம்னு தோணலியா?"

"தோணிச்சு டாக்டர்."

அவர் கீழே கையெழுத்திட்டார். மறுநாள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ அது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். குளிப்பாட்டச் சொல்லி நெருக்குகிறவர்கள் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. வெறும் கையோடு நிற்கிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறார்கள். "ஆர்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் நகர்ந்ததுதான் முதல் தப்பு, குளிப்பாட்டியது அதற்கு அடுத்தது. அதன்பிறகு யார் கேட்டாலும், ஈரம் பட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று உட்கார்ந்து சொன்னேன். தலையில் ஒட்டிய ரத்தத்தை அவர்களையே மெல்லத் துடைக்கச் சொன்னேன். பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுத்தேன். அநேகமாக யாரும் மறுபடி குளியலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜெனிஷாவின் பிள்ளைக்கு ஆறாம் நாள் எடை ஏறத் தொடங்கியிருந்தது. குளிப்பாட்டலாம் என்று டாக்டர் சொன்னார். நான் வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்கப் போனேன். ரோஸ்லெட் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். கம்பளியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

"இப்பம் என்ன அவசரம் சிஸ்டர், கிடக்கட்டு" என்றார்.